முதலில் என்ன செய்வீர்கள்

"ஏ தான். ஏ போடு."

"ஏ இல்லங்க, கேள்விய முழுசா…"

"முழுசா கேக்கறதுக்கு இன்னா இருக்குது? சாமான் வரல, ஆளு ஏமாத்தறான், கழுத்தப் புடிச்சு வெளிய…"

"கழுத்தப் புடிக்கதுன்னு இதுல எங்க போட்டிருக்கு? நான் வாசிக்கேன், நீங்க கொஞ்சம்…"

"காண்ட்ராக்டை ரத்து பண்ணுன்னா அதுக்கு அதான் அர்த்தம்!"

"முதலில் என்ன செய்வீர்கள்னு கேக்கான். முதலில்! ஆளை அனுப்புதது கடைசியில. முதல்ல அவன்ட்ட போய் உக்காந்து, ஏன்டே சாமான் வரலைன்னு கேக்கணும். அது சி."

"சி போடறவன் சைட்டுக்கே ஆவ மாட்டான்."

கூலரின் இரைச்சலுக்கு மேல் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். சாராவின் மடியில் முறம், முறத்தில் கோங்கூராக் கீரை, கீரையின் மேல் கவிழ்த்துப் பிடித்த கேள்விப் புத்தகம். இலையைக் கிள்ளுவாள், ஒரு கேள்வி வாசிப்பாள், மறுபடி கிள்ளுவாள். எதிரே பனியனோடு ஏனோக். தரையில் குப்புறப் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிளெசி, தலை நிமிராமலே கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"மம்மி கரெக்ட். சி. டாடி, யூ ஃபயர்டு ஹிம் அகெய்ன்."

"நீ சும்மா இரு."

"இன்னிக்கு மட்டும் ஏழு பேரை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க டாடி. நம்ம பில்டிங்ல யாருமே மிச்சம் இல்ல."

பத்தொன்பது வயதில் பாலிடெக்னிக் முடித்த கையோடு சிமெண்ட் தூசிக்குள் போனவர் ஏனோக். சூப்பர்வைசராகச் சேர்ந்து, சைட் இன்சார்ஜ் என்று ஆகி, இன்றைக்கு போலாரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டும் நர்சுகள் விடுதி முழுக்க அவர் பொறுப்பு. போன வருஷம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் கம்பெனி ஒரு புது விதி போட்டது. இனிமேல் பெரிய வேலைகளுக்குத் தலைமையில் இருப்பவர் ப்ராஜெக்ட் மேனேஜர் பரீட்சை பாஸ் செய்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வேலை கொடுப்பவர்களே அதைக் கேட்கிறார்களாம். இல்லாதவர்கள் இருப்பவர்களுக்குக் கீழே. ஏனோக்குக்குக் கீழே ட்ரெய்னியாக வந்து, அவரிடம் அங்கிள் அங்கிள் என்று நின்ற கோயமுத்தூர்ப் பையன் தினேஷிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது. ஏனோக்கிடம் இல்லை.

வகுப்புக்குப் பணம் கம்பெனியே கட்டியது. பல வாரங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டார். பாடமெல்லாம் தலையில் ஏறியது. கணக்குக் கேள்விகளில் பிசகே வராது. ஆனால் பரீட்சையில் பாதிக்கு மேல் கணக்கு இல்லை, கதை. நீங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர், இப்படி ஒரு சங்கடம் வந்துவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள் என்று நாலு பதில் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வான். அதில்தான் இரண்டு தடவை விழுந்தார். ஒரு வருஷத்துக்கு மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். மூன்றாவது, வருகிற சனிக்கிழமை. அதிலும் போனால் விடுதி வேலை தினேஷ் கைக்குப் போகும், ஏனோக் அவன் பின்னால் நடக்க வேண்டும்.

விசித்திரம் என்னவென்றால், கதைக் கேள்விகளில் சாராவுக்குப் பத்துக்கு எட்டு சரியாக வந்தது. மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் யூ.கே.ஜி. டீச்சர் அவள். கான்கிரீட்டில் ஜல்லி போடுவார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"இது எங்க க்ளாஸுதான். கிரேயான உடைச்சது யாருன்னு தெரியல, அம்மாமார் ரெண்டு பேரு வாசல்ல நின்னு சத்தம் போடுதாங்க, ஹெச்.எம். வேற வாராங்க. முதல்ல என்ன செய்ய? ஒருத்தரையும் அடிக்கப்படாது, எல்லாரையும் உக்கார வைக்கணும். அவ்வளவுதான்."

"அடிக்காம கட்டடம் எழும்பாது."

"நீங்க அடிச்சிருக்கியளா?"

"இன்னா கேள்வி இது?"

"தெரியாமத்தான் கேக்கேன். காலையில டிபன் கேரியரத் தூக்கிட்டுப் போறிய, சாயங்காலம் ஷூவுல சிமெண்டோட வாரிய. நடுவுல என்னதான் செய்யுதிய?"

"வேலை செய்யறேன்."

"அதுல என்ன வேலைன்னு கேக்கேன்."

ஏனோக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து ஏன் இந்தக் கேள்வி என்று அவருக்குப் புரியவில்லை. சாராவுக்கே புரியவில்லை. நாசரேத்திலிருந்து கல்யாணமாகி இந்தத் தெலுங்குச் சீமையில் லாலாகுடாவுக்கு வந்த நாளிலிருந்து, ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து அவருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சோற்றை அவர் எங்கே உட்கார்ந்து தின்கிறார் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. இந்தப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மண்டைக்குள் அரிக்க ஆரம்பித்தது.

"அடுத்த கேள்வியப் படி," என்றார் ஏனோக்.

அடுத்த கேள்வியிலும் ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வெளியே வரும்போதே வெயில் தலையைப் பிளந்தது. ரோஹிணி கார்த்தெ, இந்தப் பதினைந்து நாள் வெயிலுக்கு ரோட்டில் பாறை வெடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வதில் மிகை ஒன்றும் கிடையாது. அல்வாலில் ஒரு ஞானஸ்நான விருந்து. பிளெசி சிநேகிதியோடு போய்விட்டாள். ஏனோக்கும் சாராவும் ஸ்கூட்டரில் ஏறும்போது போன் வந்தது.

விடுதி சைட்டிலிருந்து நஸ்ரின். வேலையின் தரத்தைச் சோதிக்கிற இன்ஜினியர் பெண். போன வாரம் போட்ட தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கால்களில் ஒரு வரிசை காணோம் என்று சொன்னாள். தளம் நன்றாக இறுகி முடிகிற வரைக்கும் அந்தக் கால்கள்தான் அதைத் தாங்கி நிற்க வேண்டும். யார் எடுத்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்.

"கீழ யாரும் போவக் கூடாது. கயிறு கட்டு. நான் வரேன்," என்று வைத்தார். சாராவைத் திரும்பிப் பார்த்தார். "உன்னை அல்வால்ல எறக்கிட்டு…"

"நக்கோ, வேண்டாம். நானும் வாரேன்."

"கைக்கு? நீ எதுக்கு? அங்க உக்கார எடம் கூட இல்ல."

"நின்னு பாக்கேன்."

பட்டுச் சேலையும் கையில் பரிசுப் பொட்டலமுமாக சாரா முதன்முதலாக அவருடைய சைட்டுக்குள் நுழைந்தாள். நஸ்ரின் ஓடிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டாள். "ஆன்ட்டி, இங்க உக்காருங்க, தண்ணி?" என்று கலந்துகட்டிக் கேட்டுவிட்டு ஏனோக் பின்னால் ஓடினாள்.

ஏனோக் கயிற்றுக்கு வெளியே நின்று குனிந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. போனை எடுத்து, கொம்பள்ளியில் இன்னொரு சைட்டில் இருக்கும் பழைய கூட்டாளியிடம் உருதுவில் பேசினார். மிச்சமிருக்கிற இரும்புக் கால்களை ஒரு வண்டியில் ஏற்றி இப்போதே அனுப்பு, காரணம் அப்புறம் சொல்கிறேன் என்றார். வைத்துவிட்டு வந்து, மரத்தடியில் சாராவுக்கு நாலடி தள்ளி ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"துரை, டீ வரவை. எல்லாருக்கும்."

துரைராஜ் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் மேஸ்திரி, ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆள். கழுத்தில் துண்டும் முகத்தில் ஒரு பவ்யமுமாக வந்து நின்றார்.

"அய்யா, சத்தியமா என் ஆளுங்க கை வைக்கலைங்கய்யா. பெயிண்டர் பசங்க சாரம் கட்ட எடுத்திருப்பானுங்க."

"இருக்கும்," என்றார் ஏனோக்.

"இல்லாட்டி திருட்டுதான். இந்தப் பக்கம் பழைய இரும்பு வாங்கறவனுங்க ஜாஸ்தி."

"அதுவும் இருக்கும். சாப்ட்டியா?"

"ஆச்சுங்கய்யா."

"இன்னா சாப்பாடு?"

"கத்திரிக்கா கொழம்புங்க."

"ஞாயித்துக்கிழமை கறி எடுக்கலையா? உன் ஆளுங்க விடமாட்டானுங்களே."

துரைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆளுங்க கம்மிங்கய்யா இன்னிக்கு. நாலு பேரு ஊருக்குப் போயிருக்கான்."

"ஓ." அவ்வளவுதான் ஏனோக் சொன்னது. சாரா காதைத் தீட்டிக்கொண்டாள். வீட்டில் புத்தகத்தைப் பார்த்து ஏ, ஏ என்று கத்துகிற மனிதர்தானா இது?

டீ வந்தது. பெயிண்டர் பையன்களில் மூத்தவன் வந்து இந்தியில் மூன்று சத்தியம் செய்துவிட்டுப் போனான். அவனையும் போகவிட்டார். அப்புறம் தளத்துக்குத் தண்ணீர் விடுகிற தாயம்மாள் வந்தாள், துரைராஜோடு ஊரிலிருந்து வந்தவள். புடவையை வரிந்து கட்டியிருந்தாள், காலெல்லாம் ஈரம்.

"அய்யா, நான் தண்ணி ஊத்தறவ. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதுதான்மா."

"நான் மேல இருக்கிறவ. கீழ நடக்கறது எனக்கு எங்க தெரியும்? நேத்து சாயங்காலம் டாட்டா ஏஸ் வண்டி வந்துதே, அதைக்கூட நான் திரும்பிப் பாக்கலைங்கய்யா."

சாராவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யூ.கே.ஜி. பிள்ளைகள் இப்படித்தான்: மிஸ், ஜன்னலுக்கு வெளிய போட்ட கிரேயானை நான் பாக்கவே இல்ல மிஸ். இதோ பிடித்துவிடப்போகிறார் என்று ஏனோக்கைப் பார்த்தாள்.

அவர் பிடிக்கவில்லை. "சரிம்மா. வெயில்ல நிக்காத. மோர் இருந்தா குடி," என்று அனுப்பிவிட்டார். நஸ்ரின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்; கையைக் காட்டி நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் டீ டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு துரைராஜைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார மாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அங்க என்னிக்குக் கான்கிரீட்டு?"

துரைராஜ் கழுத்துத் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சொல்லு துரை. அந்த வீட்டுக்காரன் உன்னை நெருக்கறானா?"

"நாளைக்குங்கய்யா," என்றார் துரைராஜ். குரல் உள்ளே போயிருந்தது. "சின்ன வேலைதான். சுசித்ராங்கற ஏரியாவுல ஒரு வீடு. நம்ம சாமான் பத்தும்னு ஒத்துக்கிட்டேன். பத்தல. ரெண்டு பேருகிட்டயும் முடியாதுன்னு சொல்ல வாய் வரலைங்க. இங்க போட்டுத்தான் ஒரு வாரமாச்சே, ஒரு வரிசைதானேன்னு…"

"தலை மேல வுழுந்தா இன்னாடா பண்ணுவ?"

அது ஒன்றுதான் அவர் குரல் உயர்ந்த இடம். அதுவும் உடனே தணிந்தது. கொம்பள்ளிக் கால்கள் வந்ததும் முதலில் இங்கே முட்டுக் கொடு. அங்கே நாளைக்குக் கான்கிரீட் கிடையாது. வீட்டுக்காரனிடம் நானே பேசுகிறேன். இங்கே மேல் தளத்துக்குப் பலகை அடிப்பதை நாலு நாள் தள்ளிப் போடு. அத்தனையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"ஸார், இதை எழுதணும்," என்றாள் நஸ்ரின்.

"எழுதினா ஆபீஸ்ல இவனை வெரட்டிடுவாங்கோ."

"நக்கோ ஸார், அப்படிச் சொல்லாதீங்க. எழுதாம விட்டு, நாளைக்கு ஸ்லாப்ல விரிசல் வந்தா யாரை வெரட்டுவாங்க? நான்தானே செக் பண்றவ? எனக்கும் வேலை வேணும் ஸார்."

ஏனோக்குக்கு அது உறைத்தது. சாரா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேஸ்திரிக்கு இளகுகிற மனசில் இந்தப் பெண்ணுக்கு இடம் இல்லாமல் போயிருந்தது. அவர் கன்னத்தைச் சொறிந்தார். "ஹவ் மா. நீ சொல்றதுதான் சரி. எழுது. சாமான் பத்தலன்னு முதல்ல எழுது, எடுத்ததை அப்புறம் எழுது. கீழ நான் கையெழுத்துப் போடறேன், அவனும் போடுவான்."

வண்டி வந்து, கால்கள் இறங்கி, ஒவ்வொன்றாகத் திருகி நிமிர்த்தி, தளத்தின் அடிவயிற்றில் கயிறு பிடித்து நஸ்ரின் இறக்கம் இல்லை என்று சொல்கிற வரைக்கும் இருவரும் நகரவில்லை. விருந்துப் பிரியாணி போயே போய்விட்டது. தாயம்மாள் தன் சோற்றில் பாதியும் பச்சைப் புளிச்சாறும் சாராவுக்குக் கொடுத்தாள். "நல்ல மனுசங்கம்மா உங்க வூட்டுக்காரரு. ஆனா அவருகிட்ட பொய் சொல்லவே வராது," என்றாள், வண்டி வந்ததைத் தானே உளறியதை அறியாதவளாக.

திரும்புகிற வழியில் ஒரு பேக்கரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி சோடா குடித்தார்கள்.

"தாயம்மா வண்டியச் சொன்னதும் ஏன் பிடிக்கல நீங்க?"

"புடிச்சா அவளைத்தான் புடிச்சதா ஆவும். துரை அவளைத் திட்டுவான். அவ நாளையிலேர்ந்து என்கிட்ட வாயே தொறக்க மாட்டா."

"அதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கறி எடுக்கலைன்னதும் தெரிஞ்சிது. ஆளுங்க வேற எடத்துல வேலை செய்யறானுங்க. இதோ பாரு சாரா, பொய் சொல்றவன் எதைச் சுத்திச் சுத்திச் சொல்றானோ அதுக்கு நடுவுலதான் சங்கதி இருக்கும். அவனுங்க பொய் சொல்ல வரணும். வந்து நிக்கணும். அதுக்குத்தான் டீ."

சாரா சோடாவைக் கீழே வைத்தாள். "இது அன்னைக்கு நான் வாசிச்ச கேள்வியேதான். சாமான் வரல, ஆளு ஏமாத்துதான். நீங்க ஏ-ன்னு சொன்னிய. இன்னிக்கு நீங்க செஞ்சது சி."

"அது பரீட்சை. இது சைட்டு."

"பரீட்சையில மேனேஜருன்னு வாசிக்கையில உங்களுக்கு யாரு முகம் வரும்?"

ஏனோக் கொஞ்சம் யோசித்தார். "தினேஷ் மாதிரி ஒருத்தன். இஸ்திரி போட்ட சட்டை. கதவு சாத்தின ரூமு. டெர்மினேட்டுன்னு சொல்லிட்டு போனை வச்சிடுவான்."

"தினேஷ் தம்பி அப்படிச் சொல்லுவானா?"

"சேச்சே, அவன் நல்ல பையன். ஈக்குக்கூட கெட் அவுட் சொல்ல மாட்டான்." சோடா பாட்டிலைக் கையில் உருட்டினார். "சான்றிதழ் வச்சிருக்கறவன் அப்படித்தான் இருப்பான்னு நானா நெனச்சிக்கினேன். அவன் இன்னா பண்ணுவானோ அதைப் போட்டாத்தானே மார்க்குன்னு."

"அடப்பாவி மனுசா. ரெண்டு தடவை நீங்க எழுதவே இல்லையே! அந்த கதவு சாத்தினவம்லா போயி எழுதியிருக்கான்!"

ஏனோக் ஸ்கூட்டரை உதைத்தார். மாரெட்பள்ளி தாண்டியது. அப்புறம் திரும்பாமலே, "சி-ன்னா சைட்டுல சிரிப்பானுங்கன்னு நெனச்சேன்," என்றார்.

அந்த வாரம் பிளெசிதான் கேள்வி வாசித்தாள். சப் காண்ட்ராக்டர் என்று வருகிற இடத்தில் துரைராஜ் அங்கிள் என்று மாற்றி வாசித்தாள். கஸ்டமர் என்றால் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர். டீம் மெம்பர் என்றால் நஸ்ரின் அக்கா. ஏனோக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில நேரம் நாலு பதிலையும் கேட்காமலே, "முதல்ல அவனை வரச்சொல்லு, ஒரு டீ குடுத்து…" என்று ஆரம்பிப்பார்.

"டாடி, டீ ஆப்ஷன்ல இல்ல."

"டீக்குப் பக்கத்துல எது இருக்குது?"

"பி. மீட் வித் தி டீம்."

"அதைப் போடு."

எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. எழுதிவைக்கிற கேள்வி வந்தால் இன்னும் சறுக்கினார். வாயால் சொன்னால் போதாதா என்று சண்டை பிடித்தார். "நஸ்ரின நெனச்சுக்கிடுங்க," என்பாள் சாரா அடுப்படியிலிருந்து. உடனே சரியாகச் சொல்வார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. சாராவுக்கும் தப்பு வந்தது. ஒரு கேள்வியில் இரண்டு பேரையும் உட்கார வைப்பேன் என்றாள். அங்கே மண் சரிந்துகொண்டிருந்தது. "முதல்ல ஓடச் சொல்லுடி!" என்று ஏனோக் வீடே அதிரச் சிரித்தார்.

சனிக்கிழமை சாரா லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். பேகம்பேட்டில் ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் பரீட்சை. கடிகாரம், பர்ஸ், மோதிரம் எல்லாம் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவள் கீழே வாசலோரம் நிழல் தேடி நின்றாள். ரோட்டோரத்தில் ஒருவன் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தான். சும்மா நிற்க முடியாமல் அவனிடம் பேச்சுக் கொடுத்தாள். காய் எந்த ஊரிலிருந்து வருகிறது, மரம் ஏறுவது யார், விற்காமல் மிஞ்சினால் என்ன செய்வாய். அவன் நல்கொண்டாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வெட்டினான். அவளுக்குக் கேட்கக் கேட்க இன்னும் கேட்க வேண்டும் போல இருந்தது. எதிரே ஒரு கட்டடம் பாதி எழும்பி நின்றது. கீழ்த் தளத்தில் இரும்புக் கால்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்தாள்.

ஏனோக் இறங்கி வந்தபோது நடையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து, மடித்த ஒரு காகிதத்தை நீட்டினார்.

"பாஸு."

சாரா ரோடு என்றும் பார்க்காமல் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கர்த்தாவே! சொல்லக்கூடாதா மேல இருந்தே! முகத்த இப்படி வச்சிட்டு வந்தா நான் என்ன நினைக்க?"

"முழுக்க நானே எழுதினேன் சாரா. கதவு சாத்தினவன் வரவே இல்ல."

ஏனோக் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் அவள் நுங்குக்காரனிடம் இன்னும் ஆறு வாங்கினாள். இருவரும் ஓரமாக நின்று விரலால் நோண்டித் தின்றார்கள். சாறு அவர் சட்டைக் கையில் வழிந்தது. அப்போது போன் அடித்தது. தினேஷ். ஏனோக் ஈரக் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள்! ஆபீஸ்ல சொன்னாங்க. ரொம்ப ரொம்ப சந்தோஷம் அங்கிள். எனக்குத் தெரியும், இந்தத் தடவை அடிச்சிருவீங்கன்னு. கேளுங்க, எம்.டி. இப்பத்தான் சொன்னாரு. உங்களை சைட்டுல வச்சு வேஸ்ட் பண்ணக் கூடாதாம். திங்கக்கிழமையிலிருந்து ஹெட் ஆபீஸ். அஞ்சு சைட்டு உங்க கைக்குக் கீழ. எல்லா ரிப்போர்ட்டும் ஸ்க்ரீன்லயே வந்திரும், நீங்க வெயில்ல அலையவே வேண்டாம். கேபின் கூட ரெடி பண்ணச் சொல்லிட்டாரு அங்கிள். போலாரத்தை நான் பாத்துக்கறேன், உங்களுக்குக் கீழதானே, ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"சரிப்பா," என்றார் ஏனோக். "தேங்க்ஸ்பா. வீட்டுக்கு வா, ஆன்ட்டி சமைப்பா." வைத்தார்.

"கேபினா?" என்றாள் சாரா. "ஏசி உண்டுமா? இந்த வெயிலுக்கு எவ்வளவு நல்லது. முட்டிவலிக்கும்… ஏங்க, சட்டை ரெண்டு எடுக்கணும். இஸ்திரி நானே போட்டுத் தாரேன்."

ஏனோக் கடைசி நுங்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தின்னவில்லை. எதிர்க் கட்டடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்கி, ஒருவரையொருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, நிழலைப் பார்த்து நடந்தார்கள். அவர் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ரூமுல போய் உக்காந்துட்டா, என்கிட்ட பொய் சொல்ல யாரு சாரா வருவாங்கோ?"